பாலத்துக்கு முன்னால் இறங்கி நடந்தவர்கள்

ஜபார் பாய் ஆட்டோவில் ஏறினால் முதலில் மூக்கில் ஏறுவது அத்தர். அப்புறம் டீசல் புகை. அதற்கும் அப்புறம், சரசக்கா மடியில் இருக்கும் தூக்குச்சட்டியின் புளிக்குழம்பு...

காலையில் கோச்சடையிலிருந்து செல்லூர் போகிற ஷேர் ஆட்டோ அது. பின்சீட்டில் நாலு பேர், முன்னால் பாய்க்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு பையன். தினமும் அதே ஆறு பேர்தான். ஏறுகிறவர்களில் நான்தான் கடைசி. சீட்டு விளிம்பில் பாதி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு போவேன்.

சரசக்காவுக்கு விசைத்தறியில் வேலை. வேலுச்சாமி அண்ணனுக்கு மோட்டார் பட்டறை. நான் துண்டு, பெட்ஷீட் விற்கும் ஒரு மொத்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. மகள் ஹாஸ்டலில். கடையில் முதலாளிக்குப் பேச்சுச் சத்தமே ஆகாது. உண்மையைச் சொல்கிறேன்... அந்த ஆட்டோவில் பேசுவதுதான் அன்றைக்கு முழுக்க நான் பேசும் பேச்சு.

பேச்சென்றால் என்ன பெரிய பேச்சு!

"என்ன கொழம்பு வச்ச?"

"ரசந்தேன்க்கா."

"நேத்தும் ரசம், இன்னைக்கும் ரசமா? ஒத்த ஆளுன்னா வாய்க்கு ருசியா வச்சுத் திங்கக் கூடாதா? நல்ல கூத்துடி இது!"

இவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்க அப்போது எனக்கு வேறு ஆள் இல்லை.

ஒரு நாள் பாய் வண்டியை நிறுத்தியவர், ஏறச் சொல்லவில்லை. முகம் சரியில்லை.

"தாயி, இனிமே மூணு பேருதேன் ஏத்தணுமாம். பாலத்துகிட்ட செக்கிங் போட்டுட்டாங்க. ஒரு ஆளு கூட இருந்தாலும் வண்டியத் தூக்கிருவாங்க."

மூன்று பேர் என்றால், முன்னால் ஏறிய மூன்று பேர். நான் கடைசி. பஸ் இல்லாமலா போய்விட்டது, பஸ்ஸில் போகலாம். போய்ச் சேருவதா என் கவலை? "சரி பாய், நான் பஸ்லயே வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சரசக்காவுக்கு வந்ததே கோபம்.

"அவ எதுக்குப் பஸ்ல வரணும்? நீ ஏறுத்தா! பாலத்துக்கு முன்னாடி மூணு பேரு எறங்கிக்குவோம். நடந்து தாண்டி அங்கிட்டுப் போயி ஏறிக்குவோம். காலு என்ன தேஞ்சா போயிரும்?"

பாய் தாடியைத் தடவினார். "அம்புட்டுப் பேரும் சேந்து என்னைய உள்ள தள்ளாம விடமாட்டீங்க போல" என்றார். ஆனாலும் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. பாலத்துக்கு முன்னால் வண்டி நிற்கும், மூன்று பேர் இறங்குவோம். போலீஸ்காரரைக் கடக்கும்போது, யாரோ எவரோ மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். கீழே வைகையில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம். எனக்கு அந்த நடை அவ்வளவு பிடித்திருந்தது. பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று இருக்கும்.

பாலத்தின் மேல் வைத்துத்தான் சரசக்காவிடம் சொன்னேன். வீட்டுக்காரருடைய சட்டைகளை நான் இன்னும் துவைத்து, மடித்து வைத்துக்கொண்டிருப்பதை. மகளிடம்கூடச் சொன்னதில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"தொவைச்சா என்ன, தொவை. யாரு கேக்கப் போறா? ஆனா இந்த ரசத்த மட்டும் விடு."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

ஒரு நாள் போலீஸ்காரர் மடக்கிவிட்டார். "ஏம்மா, அந்த ஆட்டோ அங்கிட்டு யாருக்காக நிக்கிதுன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"சுகர் இருக்கு சார், வாக்கிங்" என்றார் வேலுச்சாமி அண்ணன், பட்டறைக் கிரீஸ் சட்டையோடு. போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆறு பேரோடு திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் தூக்கும், உயிர் போய் உயிர் வரும். மிச்ச மூன்று பேர் எதில் போவார்கள் என்று யாராவது சேர்த்து யோசித்திருக்கலாம், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் செல்போனில் ஆப் வந்தது. முன்சீட்டுப் பையன்கள் பைக் டாக்ஸிக்குப் போனார்கள். அண்ணன் டூவீலர் வாங்கினார். சரசக்கா முழங்கால் வலியோடு மகன் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டாள். கடைசியில் சில வாரம் நானும் பாயும் மட்டும். "ஒத்த ஆள வச்சு ஓட்டக் கட்டுபடியாகலம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

இப்போது வாசலுக்கே ஆட்டோ வருகிறது. முழு சீட்டும் எனக்குத்தான். ஓடிபி சொன்னால் வண்டி நகரும். டிரைவர் தம்பியைக் குறை சொல்ல முடியாது, அடுத்த சவாரி அதற்குள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சிக்னலில் பார்க்கிறேன், வண்டிக்கு ஒரு ஆளாக எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஆப் வண்டிகளுக்கும் விதி கொண்டுவர வேண்டும், கட்டணம் முறைப்படுத்த வேண்டும் என்றெல்லாம் பேப்பரில் வருகிறது. வரட்டும், நல்லதுதான்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். சென்னையில் இருக்கும் மகளிடம் சொன்னால் பதறிப்போய் பஸ் ஏறிவிடுவாள், அதனால் சொல்லவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்தே கிடந்தேன். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் போன் டிங் என்றது.

"என்னாச்சு? உங்களைக் காணோமே! வி மிஸ் யூ!"

ஆட்டோ ஆப். கீழே ஒரு கூப்பன்.

மெஷின் அனுப்புவதுதான். தெரியாமல் என்ன? இருந்தாலும் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "காய்ச்சல்ப்பா, இப்பப் பரவாயில்ல" என்று எழுதலாமென்று பார்த்தேன். திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினேன்.

பதில் எழுத அதில் இடமே இல்லை.