தர்மராஜ் வீட்டுப் பரங்கிக்கொடி

எடமலைப்பட்டி புதூரில் யாராவது தர்மராஜிடம், "வீட்டுல நாலு செடி போடலாம்னு இருக்கேன்" என்று வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். மனுஷர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிடுவார். கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் விதைக்கணும். கீரை விதையை மணலோடு கலந்து தூவணும், இல்லையென்றால் ஒரே இடத்தில் குமிந்துவிடும். கத்தரி நாற்றை வெயில் தாழ்ந்தபிறகு நடணும். இலையில் பூச்சி கண்டால் அடுப்புச் சாம்பலைத் தூவணும். சொன்னதெல்லாம் சரிதான், ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டு போனவர்கள் வீட்டிலெல்லாம் செடி நன்றாகவே வந்தது.

அவர் வீட்டில்தான் வரவில்லை. எப்படி வரும்? கொத்தமல்லி முளைத்துவிட்டதா என்று காலையும் மாலையும் விரலால் கிளறிப் பார்ப்பார். கத்தரிக்குப் பச்சைச் சாணியை வேரிலேயே கொட்டி வேக வைத்தார். மண் சரியில்லை என்பார், கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பார், கடைசியில் மனைவி ரெங்கம்மாளுக்குக் கைராசி இல்லை என்பார். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

அது அரிசிக்கு ஊரே திண்டாடிய வருஷம். வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று ரேடியோவில் சொன்னதும் தர்மராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பாலக்கரையில் அவர் ஹெட்கிளார்க்காக இருந்த ஆபீசில், இந்தப் பொங்கலுக்கு எல்லார் வீட்டிலும் தன் தோட்டத்துப் பரங்கிக்காய்தான் என்று வாயை விட்டுவிட்டு வந்தார். புரட்டாசியில் ஊன்றிய பரங்கி விதை மட்டும் அதிசயமாக அவர் கைக்குத் தப்பிப் பிழைத்து, கார்த்திகைக் கடைசியில் கொல்லைச் சுவரெல்லாம் படர்ந்து பூத்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தாய் வீடு. ரெங்கம்மாளுக்கு அவள் கூடப் பிறக்காத தங்கச்சி. ரெங்கம்மாள் டைபாய்டில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, சிக்கு விழுந்த தலையை வாரிவிட்டு, அழுக்குத் துணியைத் துவைத்துப் போட்டவள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஒருநாள் சுவரோரம் நின்றவள், "அக்கா, அந்தா பாருங்க, பிஞ்சு விட்டிருக்கு" என்று ஆள்காட்டி விரலை நேராக நீட்டிவிட்டாள். பரங்கிப் பிஞ்சை நீட்டின விரலால் காட்டினால் அழுகிப்போகும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள், பாவி. இரண்டொரு நாளில் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது.

தர்மராஜ் சுவரைத் தாண்டிக் கேட்கிற மாதிரியே பேசினார். "பிள்ளை இல்லாதவ கண்ணு வேற என்ன பண்ணும்? இனிமே அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. நீயும் அங்க போகக் கூடாது."

ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும்? ரெங்கம்மாள் சொல்லவில்லை. புருஷனுக்குப் பயந்து மட்டுமல்ல, அவளுக்கே உள்ளூர ஒரு சந்தேகம் தட்டியது, அதுதான் கொடுமை. பேச்சு தெருவுக்குப் போயிற்று. எதிர்வீட்டில் குழந்தைக்குப் பேர் வைத்தபோது எல்லாரையும் கூப்பிட்டார்கள், பொன்னுத்தாயை மட்டும் விட்டுவிட்டார்கள். அன்று முழுக்க அவள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

மார்கழி பிறந்தது. பரங்கியில் இரண்டு தினுசுப் பூ. ஒன்றின் அடியில் குண்டாகப் பிஞ்சு இருக்கும், மற்றது வெறும் காம்பில் நிற்கும். வெறும் காம்புப் பூவெல்லாம் தண்டத்துக்கு எருவைத் தின்கிறது என்பது தர்மராஜின் கண்டுபிடிப்பு. கொடி பூக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அவற்றைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தவர், மார்கழியில் அதற்கும் ஓர் உபயோகம் கண்டார். விடியற்காலையில் ஒன்றுவிடாமல் பறித்துக் கூடையில் கொண்டுவந்து கொடுப்பார். ரெங்கம்மாள் வாசல் கோலத்தில் சாணி உருண்டைகளை வைத்து அவற்றைச் செருகுவாள். அடுத்த வாசல்களில் ஒன்றிரண்டு பூ இருந்தால், இந்த வாசலில் பூ மறைத்துக் கோலமே தெரியாது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். தர்மராஜ் பேப்பர் படிக்கிற சாக்கில் அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொல்லையில் பிஞ்சுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

பொங்கலுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாங்கிய பரங்கிக்காய்தான் வீட்டில் வெந்தது. ஆபீசில், பக்கத்து வீட்டுக்காரி கண்ணுபட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். கேட்டவர்களும் உச்சுக்கொட்டினார்கள்.

தையில் கோலத்துக்குப் பூ வேண்டியதில்லை. மனம் விட்டுப்போன தர்மராஜ் கொல்லைப் பக்கமே போகவில்லை, பூக்கள் கொடியிலேயே நின்றன. ஒருநாள் காலை கழுநீர் ஊற்றப் போன ரெங்கம்மாள், வெறும் காம்புப் பூ ஒன்றில் தேனீ புரள்வதைக் கண்டாள். உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு அது பறந்துபோய்ப் பிஞ்சுப் பூவில் உட்கார்ந்தது. அந்தப் பிஞ்சு உதிரவில்லை. அதற்கடுத்ததும் நின்றது. பொன்னுத்தாய் தினமும் அதே சுவருக்குப் பக்கத்தில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆண் பூவையெல்லாம் கொண்டுபோய்ச் சாணியில் செருகிவிட்டு, காய்க்கவில்லை என்று ஒருத்தியை நாசம் பண்ணியிருக்கிறோம். பறித்தது அவர் கை, செருகியது தன் கை.

மாசியில் காய்கள் பருத்தன. தர்மராஜுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. புதிதாகத் தோட்டம் போட வந்த இருவரை வாசலில் நிறுத்தி, "முதல்ல அக்கம்பக்கத்து ஆளுங்களைக் கிட்ட விடாதீங்க. அதைப் பண்ணினேன், காய்ச்சிருச்சு" என்றார்.

ரெங்கம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "நீங்க பூப் பறிக்கிறதை நிறுத்தினீங்க, காய்ச்சுது. பொன்னுத்தாய்க்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"உனக்கு என்னடி தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அவர் அவர்களிடம் சாம்பல் தூவுவதைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

அவள் முதல் காயை அறுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பொன்னுத்தாய் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாள் பூவையும் தேனீயையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"உன் மேல தப்பே இல்ல பொன்னு. நல்லா காய்ச்சிருக்கு, நீயே வந்து பாரு."

பொன்னுத்தாய் எழுந்து மரியாதையாகக் காயை வாங்கிச் சுவரோரம் வைத்தாள்.

"காய்ச்சதனால வந்தீங்கக்கா. காய்க்காமப் போயிருந்தா?"

பொன்னுத்தாய் உட்கார்ந்து மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.