குஸ்தி விமர்சனத்துக்கு வந்த பதில்

கனடாவிலிருந்து வந்த முதலாவது வீடியோ கசற்றைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் மூவருக்கும் வாயடைத்துப் போயிற்று. அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அனுப்பிய கசற் அது. அவருடைய வீட்டையோ, பனி மூடிய தெருவையோ காண்போம் என்ற எதிர்பார்ப்பில் பெரியம்மா நல்ல சேலையாக மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்திருந்தார். திரையில் தெரிந்ததோ புகை மண்டிய ஒரு சிறிய மண்டபம். காற்சட்டை மட்டும் அணிந்த பருத்த மனிதர் ஒருவர், இன்னொருவரைத் தலைக்கு மேலே தூக்கி மேடையில் அறைந்தார். முன்வரிசையிலிருந்த நரைத்த தலைப் பெண்மணி ஒருவர் எழுந்து வந்து, விழுந்து கிடந்தவரைத் தமது கைப்பையால் விளாசினார்.

"ஐயோ, ஆரடி இந்த மனுசி?" என்றார் பெரியம்மா. "மாப்பிள்ளையின்ர ஆக்களோ?"

கசற்றோடு ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. அந்த நாட்டில் முன்பு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே மல்யுத்த மண்டபமும் தனிச் சம்பியனும் இருந்தார்களாம். ஓரிடத்தில் தோற்று மதிப்பிழந்தவர், முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்ப் புது மனிதராகத் தொடங்குவாராம். தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் கிழவர் ஒருவர் அந்தக் காலத்து ஆட்டங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார், அவரிடமிருந்து பதிவு செய்தது என்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: "பார்த்துவிட்டு உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்."

அக்கா, பெரியம்மாவின் ஒரே மகள். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், நான் தங்கியிருந்த வாடகை வீட்டில் என்னோடு இருந்தார்கள். மாப்பிள்ளை அவளைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் அலுவல் முடியும்வரை என்றுதான் வந்தார்கள். ஒருமுறை படையினர் தமிழர் வீடுகளைச் சோதித்த சுற்றிவளைப்பில் அக்காவை ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாயும்வரை பொலிஸ் நிலையத்தில் இருத்தி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே எழும்புவாள். இந்தக் கலியாணம் அவளுக்குக் கணவனை மட்டும் தரப்போவதில்லை, கதவு தட்டினால் பயப்படாத ஒரு வீட்டையும் தரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

"எனக்கு இதில என்ன அபிப்பிராயம்?" என்றாள் அக்கா. "ரெண்டு எருமை சண்டை பிடிக்குது. நீதானே கம்பஸில திறனாய்வு, மண்ணாங்கட்டி எல்லாம் படிச்சனீ. நீ சொல்லு, நான் எழுதுறன்."

இடம்பெயர்ந்தோருக்கான ஒரு நிறுவனத்தில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். முகாம்களைப் பற்றி அறிக்கை எழுதிப் பழகியவளுக்கு, மனிதர் மனிதரை அடிப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கும் கூட்டம் முதலில் அருவருப்பையே தந்தது. எனினும் இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் அடிப்பதைவிடக் கவனமாகக் காப்பாற்றினார்கள். தூக்குகிறவர் விழப்போகிறவரின் முதுகை உள்ளங்கையால் தாங்கினார். வில்லனாக வருகிறவர், தம்மை வெறுக்க வைப்பதற்காக அத்தனை பாடுபட்டார். இவற்றையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அக்கா தன் வடிவான கையெழுத்தில் எழுதினாள். மாப்பிள்ளை மகிழ்ந்து போனார். இரண்டாவது கசற் வந்தது. அதற்கும் விமர்சனம் போயிற்று.

வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கில் அந்தக் கசற்றுகள் ஒழுங்காக ஓடவில்லை. கனடாவின் ஒளிபரப்பு முறை வேறு என்பதால் படம் நிறமின்றி, சாம்பலாக, மேலிருந்து கீழாக வழுக்கிக்கொண்டே இருந்தது. பெரியம்மா ஐந்து நிமிடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அக்கா தையலைக் கையிலெடுப்பாள். கடைசிவரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

மூன்றாவது கசற்றோடு வந்த துண்டில் இரண்டே வரிகள். "இதைக் கட்டாயம் கடைசிமட்டும் பாருங்கள். பார்த்தபின் உங்கள் மனதில் உள்ளதை ஒளிக்காமல் எழுதுங்கள்."

கடைசி ஆட்டம் இருவருக்கு இருவர். ஒரு அணியிலிருந்த இளைஞரின் இடக்கையை எதிராளிகள் தொடக்கத்திலேயே முறுக்கி, மிதித்து, செயலற்றதாக்கிவிட்டார்கள். மிச்ச ஆட்டம் முழுவதையும் அவர் வலக்கையால் மட்டுமே ஆடினார். அவருடைய துணைவர் கயிற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையைத் தொட்டால்தான் துணைவர் உள்ளே வரலாம் என்பது விதி. இளைஞர் தவழ்ந்து தவழ்ந்து போனார். ஒவ்வொரு முறையும் காலைப் பிடித்து இழுத்தார்கள். இறுதியில் விரல் நுனி பட்டதும் மண்டபமே எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன். அதற்குப் பிறகு திரையில் வெறும் புள்ளிகள் இரைந்தன. கசற் முடிந்தது என்று சுற்றிவிட்டேன்.

அந்த ஆட்டத்துக்கு நான் எழுதியதில் சில வாக்கியங்கள் இன்றும் மனதில் இருக்கின்றன. "ஒரு கையால் ஆடியவரிடமிருந்து என் பார்வை விலகவே இல்லை. மற்றக் கை இல்லாதது ஒரு குறையாகவே தோன்றவில்லை. கயிற்றுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அந்த இடம் எனக்குக் கிடைத்தால் பெருமைப்படுவேன்."

அக்கா அதை எழுதி முடித்துவிட்டு, "கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மாப்பிள்ளையின் பதில் வழக்கத்தைவிட விரைவாக வந்தது. எங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுததாக எழுதியிருந்தார். இப்படி ஒரு மனம் தமக்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லையாம். ஸ்பொன்சர் பத்திரங்களை அன்றைக்கே அனுப்பிவிட்டாராம்.

"குஸ்திக்கு எழுதினதுக்கு அழுற ஆம்பிளையோ?" என்று பெரியம்மா திகைத்தார். "பிள்ளை, இவருக்குத் தலை சுகமோ எண்டு ஆரிட்டையாவது விசாரிப்பமே?"

"ரசனையுள்ள மனுசன், பெரியம்மா" என்றேன் நான். கூறைச்சேலை பார்க்க, எங்கள் ஒழுங்கை போய்ச் சேரும் காலி வீதியின் கடைகளில் ஏறி இறங்கத் தொடங்கினோம்.

அந்த மூன்றாவது கசற்றை ஒருமுறையாவது நிறத்தோடு பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. கொட்டாஞ்சேனையில் வெளிநாட்டுக் கசற்றுகளை இங்குள்ள டெக்குகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கடையொன்று இருந்தது. கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றே அழைப்பார்கள். கொடுத்துவிட்டு, மறுநாள் வேலை முடிந்து எடுக்கப் போனேன்.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்கணும்" என்றார் நானா. "குஸ்தி முடிஞ்ச பொறகு ஒருத்தர் வந்து பேசுறாரே, அதையும் சேத்து வைக்கவா, வெட்டவா?"

"எந்த ஒருத்தர்?"

"நீங்க பாக்கல்லயா? கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியா ஓடுது, அதுக்குப் பொறகு வாறாரு. ஒங்க வூட்டாளுண்டு நெனச்சன். நான் சவுண்டக் கொறச்சிட்டன், மத்தவங்கட விசயம்தானே."

அவர் கசற்றை ஓடவிட்டுத் தந்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

சம்பந்தம் பேசும்போது அனுப்பிய புகைப்படத்தில் பார்த்த மாப்பிள்ளையின் அதே முகம். சிறிய அறை, பின்னால் ஜன்னலில் பனி. இடக்கையின் மேல் ஒரு மேசைத்துணி போர்த்தியிருந்தது. அவர் அக்காவின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"கடிதத்தில எழுதினால் உங்கட அம்மா வாசிப்பா. தனிக் கசற்றில அனுப்பினால் கஸ்டம்ஸில ஆராவது போட்டுப் பாப்பினம். குஸ்தியை ஒருத்தரும் கடைசிமட்டும் பாக்கமாட்டினம், நீங்கள் மட்டும்தான் பாப்பீங்கள் எண்டு நினைச்சுத்தான் இதில கதைக்கிறன்." துணியை எடுத்தார். இடக்கையில் பெருவிரல் மட்டுமே இருந்தது. மற்றவை இருந்த இடம் வழுவழுப்பாக, சிவந்து, மூடியிருந்தது. "வேலைத்தலத்தில மெசினுக்குள்ள போனது. இஞ்சை இருக்கிற சொந்தக்காரர், பிள்ளை வந்து இறங்கினாப் பிறகு சொல்லலாம் எண்டினம். எனக்கு அது சரியாப் படேல்லை. இப்ப பாத்தீங்களே, அந்தப் பெடியனுக்கு அடுத்த கிழமை கை சரியாயிடும். எனக்கு ஆகாது. விருப்பமில்லையெண்டால் ஒண்டும் எழுதாதேங்கோ, நான் விளங்கிக்கொள்ளுவன். விருப்பமெண்டால் எழுதுங்கோ."

நாங்கள் எழுதியிருந்தோம். நானா வந்து தண்ணீர்க் கிளாசை நீட்டினார். நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் வேறொரு பொருளோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றது. மற்றக் கை இல்லாதது குறையாகத் தோன்றவில்லை. அந்த இடம் கிடைத்தால் பெருமைப்படுவேன். அவர் எதற்காக அழுதார் என்பது இப்போது விளங்கியது. அக்கா கேட்டிராத ஒரு கேள்விக்கு, அக்காவின் கையெழுத்தில், நான் சம்மதம் சொல்லியிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் அவள் போய்ச் சேருவாள், விமான நிலையத்தில் அதிர்ச்சியடைவாள், ஆனால் பாதுகாப்பாக இருப்பாள். சொன்னால் பெரியம்மா கலியாணத்தை நிறுத்தக்கூடும்; அடுத்த சுற்றிவளைப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். என் பையிலிருந்த கசற்றைத் தூக்கிப் பார்த்த சிப்பாய், "மேக்க மொக்கத?" எனச் சிங்களத்தில், அது என்னவென்று கேட்டான். "ரெஸ்லிங்" என்றேன். அவன் முகம் மலர்ந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி மல்லனைப்போல நின்று காட்டிவிட்டுப் பையைத் தந்தான். இரண்டு கைகள். அதைக் கண்டதும், அக்காவுக்குத் தெரியாத ஒன்றை நான் தெரிந்து வைத்துக்கொண்டு அவளோடு ஒரே அறையில் படுக்க முடியாது என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை பெரியம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் டெக்கை எடுத்து வந்து போட்டேன். அக்கா கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் நான் சொல்லி அவள் எழுதியவற்றை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னை நோக்கித் திரும்பினாள்.

"அப்ப நான் ஓம் எண்டு சம்மதம் சொல்லிப்போட்டனோ?"

நான் டெக்கிலிருந்து கசற்றை வெளியே எடுத்தேன்.

"சொல்லு. என்ர வாயால சொல்லாத ஓம் ஒண்டைக் கனடாவில ஒரு மனுசன் நெஞ்சில வைச்சுக்கொண்டு திரியுதோ?"

மறுநாள் காலி வீதியிலுள்ள தொலைபேசிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கூண்டின் கதவை அவள் முழுவதும் சாத்தவில்லை. நான் கேட்கவேண்டும் என்றுதான் அப்படிச் செய்தாள் என நினைக்கிறேன். அவளுடைய குரல் மட்டும் வந்தது.

"ஓம், நான்தான். எல்லாரும் சுகம். முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அந்தக் கடிதம் என்ர இல்லை... கையெழுத்து என்ர, கதை தங்கச்சியின்ர... இல்லை, அவள் குஸ்தியைப் பற்றித்தான் எழுதினவள். ஓம், குஸ்தியைத்தான். நாங்கள் உங்களைக் காணவே இல்லை. நேற்றுத்தான் கண்டனாங்கள்."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"என்ன, சிரிக்கிறீங்களோ?... அழுறீங்களோ?... ஏதாவது ஒண்டைச் செய்யுங்கோ, விளங்கேல்லை. எனக்கு இப்ப கோபம். இவளிலயும் கோபம், உங்களிலயும் கோபம். இவ்வளவு பெரிய விசயத்தைக் குஸ்திக்குப் பின்னாலயோ ஒளிக்கிறது? இன்னொரு கசற் அனுப்புங்கோ. குஸ்தி வேண்டாம், மேசைத்துணியும் வேண்டாம். கஸ்டம்ஸ்காரர் பாத்தால் பாக்கட்டும். ஒரு நாளில நீங்கள் என்ன செய்யிறீங்களோ அதைக் காட்டுங்கோ. பாத்திட்டு நானே எழுதுறன்."

அன்றே பெரியம்மாவிடமும் அவளே சொன்னாள். கதிரையில் அமர்ந்த பெரியம்மா வெகுநேரம் தம்முடைய இடக்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர பிள்ளையை ஏமாத்தப் பாத்தவையே" என்றார். "அவர் பாக்கேல்லை அம்மா. சொன்னவர். எங்களுக்குத்தான் கேக்கேல்லை" என்றாள் அக்கா. கூறைச்சேலைப் பேச்சு நின்றது. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

நாலாவது கசற்றைக் கொட்டாஞ்சேனைக்கு அக்காவே கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். நானாவோடு வாசலில் நிற்கும்படி சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ஒருதடவை மட்டும் அவள் "அச்சோ" என்றது கேட்டது.

"குஸ்தியா?" என்று நானா மெதுவாகக் கேட்டார்.

"இல்லை, நானா."

வெளியே வந்தவளின் முகத்திலிருந்து எதையும் அறிய முடியவில்லை. பஸ் தரிப்பிடம்வரை நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன காட்டினவர்?"

"சப்பாத்துக்கு லேஸ் கட்டினவர். அதுக்கே கன நேரம். பிறகு மா குழைச்சு ரொட்டி சுட்டவர். ஒரு பக்கம் கருகிப்போச்சு."

"பிறகு?"

"நல்ல பக்கத்தைக் காட்டியிருக்கலாம். கருகின பக்கத்தைத் திருப்பி, கிட்டக் கொண்டுவந்து காட்டினவர்."

பஸ் வந்தது. ஏறி அமர்ந்தபின், அவள் என்ன எழுதப்போகிறாள் என்று கேட்டேன்.

"ஓம் எண்டு" என்றாள். கண்டக்டரிடம் ரிக்கற் வாங்கிவிட்டு, "மற்றது, அடுப்பைக் குறைச்சு வைக்கச் சொல்லியும்" என்றாள்.