அக்காவின் சுவர் அலமாரி

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் என் ஓரகத்தியும் ஒரே பீரோவைத்தான் வைத்துக்கொண்டோம். மேல் தட்டுகள் அவளுக்கு, கீழ்த் தட்டுகள் எனக்கு. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவள். வயதில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், முறையில் மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டே எனக்குப் பழகிவிட்டது. நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு வீடு. மாமியார் போனபின் அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் என்று நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் வேதாரண்யத்துப் பெண். அங்கே காற்றிலேயே உப்பு இருக்கும். பூட்டு துருவேறும், பட்டுச்சேலை மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால் பீரோ விஷயத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் வேறு. கால்களுக்கு அடியில் செங்கல் வைப்போம். சுவரோடு ஒட்டாமல் கை நுழையும் அளவு தள்ளிப் போடுவோம். இஸ்திரி போட்ட துணியைச் சூடு ஆறாமல் உள்ளே வைக்க மாட்டோம். உடுத்திக் களைந்த சேலையைக் கொடியில் ஒருபொழுது காயவிட்டுத்தான் மடிப்போம். அடைமழை விட்டு வெயில் எட்டிப்பார்த்ததும் பீரோவை அகலத் திறந்துவைத்து, இருக்கிற துணியெல்லாம் கயிற்றுக்கட்டிலுக்கு வந்துவிடும்.

அக்காவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் துணியைச் சுருட்டி உள்ளே தள்ளிக் கதவை இடுப்பால் மூடுகிற ஆள். ஈரத்துண்டு, ஊக்கு, ரப்பர் வளையம், வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் மேல் தட்டில் கிடக்கும். ஒருதரம் சேலைகளுக்கு நடுவே கடலை மிட்டாய் ஒளித்துவைத்து மறந்துபோனாள். என் தட்டு வரைக்கும் எறும்பு இறங்கி வந்தது. நான் கத்தினேன். அவள் தரையில் உட்கார்ந்து சேலையை உதறிக்கொண்டே சிரித்தாள்.

"உப்பளத்துக்காரி, உனக்குப் பீரோவைக் கட்டிவச்சிருக்கணும்டி. என் கொழுந்தனக் கட்டிவச்சது தப்பு."

கடைசியில் அவள் தட்டையும் நான்தான் அடுக்குவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவாள். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. பிறந்த வீட்டில் எனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் பாதி கருகிய வருஷம் அக்காவின் வீட்டுக்காரர், என் மூத்தார், வளைகுடாவுக்குப் போனார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு கம்பெனி கிடங்கில் வேலை. என் வீட்டுக்காரர் இரண்டு பேர் பங்கு நிலத்தையும் பார்த்துக்கொண்டார். அந்த நாளில் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போனார்கள். போனவர் வீடெல்லாம் ஓடு போய் மாடி வந்தது. மாமாவும் மெயின் ரோட்டை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டினார்.

அந்த வீட்டில் அவர் ஆசை ஆசையாகச் செய்தது அக்காவின் அலமாரியைத்தான். படுக்கையறைச் சுவர் முழுக்க, தரையிலிருந்து சீலிங் வரை, மரக்கலர் மைக்கா ஒட்டிய கதவுகள். உள்ளே சேலை தொங்கவிடக் கம்பி, நகைக்கு இழுப்பறை, ஆளுயரக் கண்ணாடி. அங்கே முதலாளி வீட்டில் பார்த்ததை அப்படியே தாளில் வரைந்து அனுப்பியிருந்தார். லீவில் வந்து கிரகப்பிரவேசம் முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார்.

"இனிமே இவ ஒரு தட்டுல முட்டி மோத வேணாம்," என்றார் என்னிடம். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். பலகையைச் சுவரோடு இடைவெளியே இல்லாமல் அறைந்திருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டேன். "அதெல்லாம் தண்ணி இறங்காத பூச்சு பூசியிருக்கும்மா, பயப்படாதீங்க," என்றார். நல்ல நாளில் வேறென்ன சொல்வது என்று நானும் விட்டுவிட்டேன்.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினபோது பீரோவில் ஒரு தட்டு தட்டினாள். "முழுசா உனக்கே ஆயிடுச்சு, இனிமே எறும்பு வராது." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் அழுதோம். கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் வேறு வேறு அடுப்புக்குப் போவது கூப்பிடு தூரத்தில் அளக்கிற விஷயம் இல்லை.

அவளுக்குக் குழந்தை இல்லை. மாமாவும் லீவு முடிந்து போய்விட்டார். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாகப் படுக்க வேண்டாம் என்று என் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த ஐப்பசி மழையில்தான் மகளுக்குத் தும்மல் ஆரம்பித்தது. காலையில் வீட்டுக்கு வந்தால் மூக்கு அடைத்திருக்கும், மத்தியானம் சரியாகிவிடும். அக்காவும் இருமினாள். கேட்டால் மழைக்காலம் என்பாள்.

ஒருநாள் போய் அலமாரியைத் திறந்தேன். முக்கல் வாடை முகத்தில் அடித்தது. சேலைகளை இழுத்துப் போட்டேன். பின்வரிசையில் இருந்ததில் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். கூறைப்புடவை ஜரிகை கறுத்திருந்தது. பின்பலகையைத் தொட்டால் கையில் மாவாக உதிர்ந்தது.

"அக்கா, இது துணியால வந்தது இல்ல. சுவர்ல ஓதம் ஏறுது."

"நான் ஈரத்துண்டைச் சுருட்டி வச்சிருப்பேன்டி. என்னையப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அவள் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். அன்று முதல் அவள் மாறிப்போனாள். சுருட்டித் தள்ளுகிறவள் ஒவ்வொரு சேலையாக நீவி மடித்தாள். இரண்டு பேருமாகத் துடைத்தோம், வெயிலில் போட்டோம். வேப்பிலை, வசம்பு, அந்துருண்டை எல்லாம் வைத்தோம். கிண்ணத்தில் சுண்ணாம்புக்கல் வைத்துப் பார்த்தோம், ஈரத்தை இழுக்கும் என்று. கதவைத் திறந்தே போட்டு டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பினோம். கொஞ்ச நாள் சரியாக இருக்கும். மறுபடியும் அதே இடத்தில் படரும். சுவருக்குள் தண்ணீர் இருக்கும்போது துடைத்து என்ன ஆகப்போகிறது?

போனில் மாமாவிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். "புது வீடு, கொஞ்சம் தண்ணி வாங்கும். நான் வந்து பாக்கறேன். யாரையும் விட்டுப் பலகையைப் பேத்துடாத," என்றார். அவர் வருவதற்கு அடுத்த வருஷம் ஆகும். என் வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்து நிறுத்தினார். அக்கா கதவு முன்னால் நின்றுகொண்டாள். "அவுங்க ஆசையாக் கட்டினது தம்பி. அவுங்க இல்லாதப்ப இடிக்கக் கூடாது."

அதற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். திருவாரூர் டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து கொடுத்தார். பூசணம் இருக்கிற அறையில் படுக்கவே கூடாது என்றார். அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். இங்கே இருந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள். சாதம் ஒரு பிடி கூடவே சாப்பிட்டாள். பழைய மாதிரி வாய் ஓயாமல் பேசினாள்.

எப்படியோ அது மாமா காதுக்குப் போயிற்று. அவரோடு வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர் யாரோ சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் போனில் அவர் கோபப்படக்கூட இல்லை. குரல் உடைந்துபோய்க் கேட்டார். "இவ்ளோ வெயில்ல நின்னு கட்டியிருக்கேன், அதப் பூட்டிட்டு ஓட்டு வீட்ல போயி படுக்கறியா? பாக்கறவன் என்ன சொல்வான்?"

போனை வைத்துவிட்டு அக்கா பையை எடுத்தாள்.

"போகாதக்கா. டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா?"

"ஹால்ல படுத்துக்கறேன்டி. அவுங்க மனசு நோகக் கூடாது."

ஹாலில்தான் படுத்தாள். என் மகளை மட்டும் அங்கே படுக்க வேண்டாம் என்று அவளே திருப்பி அனுப்பிவிட்டாள். ஆனால் மாற்றுச்சேலைக்கு அந்த அறைக்குத்தானே போக வேண்டும். அலமாரியைத் துடைக்கிற வேலையையும் அவள் நிறுத்தவில்லை. அவர் வரும்போது புதிதாக இருக்க வேண்டும் என்பாள். நான் துணியைப் பிடுங்கி வைத்தால் நான் போனபிறகு எடுத்துக்கொள்வாள்.

அடுத்த மழைக்காலம். பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் மேல் சேலைகள் பாதி மடித்தபடி கிடந்தன. அக்கா தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன். வெறும் காற்று வந்தது. வேன் பிடித்துத் திருவாரூருக்குப் போகும் வழியில், என் மடியில் தலை வைத்திருந்தவள், என் முந்தானையை இறுகப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அந்தக் கையை நான்தான் பிரித்தேன்.

அலமாரிதான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. இழுப்பு அதிகமாகிவிட்டது என்றுதான் சொன்னார்.

மாமா வந்து சேரும்வரை அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அவர் அழவில்லை. காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு, அவரே கடப்பாறையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனார். சத்தம் கேட்டு ஓடினோம். பின்பலகை பிய்ந்து விழுந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு, மேலிருந்து கீழ்வரை. பூச்சு பெயர்ந்த இடத்தில், சுவருக்குள் ஓடிய பாத்ரூம் குழாய் இணைப்பில் ஒரு சொட்டு திரண்டு, வழிந்து, அடுத்தது திரண்டது. கட்டின நாளிலிருந்தே கசிந்திருக்க வேண்டும்.

அவர் கடப்பாறையைப் போட்டுவிட்டு அந்த ஈரச் சுவரில் கையை வைத்தார். "சொன்னாளேம்மா. எத்தன தடவ சொன்னா," என்றார் என்னைப் பார்த்து. பிறகுதான் அழுதார். அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தைச் சேர்த்துவைத்திருந்தேன், அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று. அந்த முதுகு குலுங்குவதைப் பார்த்தபின் வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் அண்ணனைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

சேலைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். நடவுக்கு வரும் பெண்களைக் கூப்பிட்டேன். மோந்து பார்த்துவிட்டு ஒருத்தி தயங்கிச் சொன்னாள், "வேணாங்க்கா. அவுங்களுக்கு இழுப்பு இருந்துச்சுல்ல, புள்ளைக்கு ஒட்டிக்கும்." ஒட்டாது என்று சொன்னேன். யாரும் எடுக்கவில்லை. அக்காவின் சேலையை அப்படி மூக்கைச் சுளித்துத் தொட்டதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் வெந்நீரில் சோடா போட்டு அலசி, மழை விட்ட நாளெல்லாம் வெயிலில் போட்டேன். வாடை போக மாசக்கணக்காயிற்று. இற்றுப்போகாமல் தேறியதை வீட்டில் நானே கட்டிக்கொள்கிறேன். முதல் தடவை கட்டினபோது என் மகள் பின்னாலிருந்து பார்த்து "பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மாமா திரும்பவும் போய்விட்டார். இங்கே இருந்து என்ன செய்வேன் என்றார். வெள்ளிக்கிழமை அங்கே லீவு என்பதால் அன்றைக்குத் தம்பிக்குப் போன் போடுவார். தம்பி வயலில் இருந்தால் நான் எடுப்பேன்.

"அங்க மழையாம்மா?"

"மழைதாங்க மாமா. காலையிலேருந்து விடல."

"ம்."

அதற்குமேல் அவருக்கும் பேச ஒன்றும் இருக்காது, எனக்கும் இருக்காது. ஆனாலும் அவர் உடனே வைக்கமாட்டார். நானும் வைக்கமாட்டேன்.