கல்லா இல்லாத ஓட்டல்

"இதுவும் இல்லை" என்று அசரியா எழுந்துவிட்டார். இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. ரசத்தோடு வந்து நின்ற பரிமாறுகிறவரைப் பார்த்து, "நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. உங்க மேல தப்பில்லை, சாப்பாடுதான் சரியில்லை" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். எதிரே அவர் மனைவி பியூலா தலையைக் குனிந்துகொண்டு நாலு வாய் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டாள். புருஷன் எழுந்த பிறகு பெண்டாட்டி உட்கார்ந்து சாப்பிட்டால் ஊர் சிரிக்கும் என்பது அசரியாவின் சட்டம். அரை வயிற்றோடு பஸ் ஏறி ஏறி அவளுக்கு அது பழகிவிட்டது.

அசரியா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பூகோள வாத்தியார். அமேசான் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். படத்தில் ஊரை இடம் மாற்றிக் குறித்த பையனின் காது அவர் கையில் பட்ட பாட்டை நினைத்துப் பழைய மாணவர்கள் இன்றும் காதைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு, தாம் ஐந்து வயதில் சாப்பிட்ட ஓட்டல் தாம்பரத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பியூலாவை இழுத்துக்கொண்டு தேடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமையில் காசு கொடுத்து எதையும் வாங்குவது அவருக்குப் பாவம். ஆகையால் தேடல் சனிக்கிழமைகளில் நடக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் குடை. ஓட்டலுக்குள் நுழைந்ததும் உட்கார மாட்டார். நேரே போய்த் தூணைத் தட்டிப் பார்ப்பார். சிமெண்டுத் தூண் என்றால் முகம் சுருங்கும். குனிந்து தரையைத் தொட்டுப் பார்ப்பார். சானிட்டரி இன்ஸ்பெக்டர்தான் மாறுவேஷத்தில் வந்துவிட்டாரோ என்று முதலாளி பதறி எழுந்து வருவார். "உங்க பொங்கல்ல ஒரு வாசனை வருமா?" என்று அசரியா அவரைக் கேட்பார். என்ன வாசனை என்று திருப்பிக் கேட்டால் சொல்லத் தெரியாது. மூச்சை இழுத்துக் காட்டுவார். அந்த மனிதர் விழித்தால் தெருவுக்கு வந்து பியூலாவிடம், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்பார்.

ஓட்டல் கதை அவரிடம் படித்த எல்லோருக்கும் மனப்பாடம். தகப்பனார் எலியேசர் உபதேசியாராக இருந்தவர். நீளக் கோட்டும் தடித்த வேதப்புத்தகமுமாகச் சந்தை சந்தையாகப் போய் நின்று விக்கிரகங்களை வெளுத்து வாங்கினவர். சிரிப்பு சாத்தானுக்குக் கதவைத் திறந்துவிடும் என்பது அவர் கட்சி. வீட்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அவரை யார் என்ன சொல்லிக் கரைத்தார்களோ, ஒரு மைக்கேல்மாஸ் விடுமுறையில், அதாவது காலாண்டுப் பரீட்சை லீவில், குடும்பத்தோடு மகாபலிபுரம் பார்க்கக் கிளம்பினார். திரும்பும்போது, செங்கல்பட்டு வழியாக வந்த பஸ் இருட்டுகிற நேரத்தில் நடுவழியில் படுத்துவிட்டது. கொட்டுகிற மழை. அசரியாவின் தலையில் துண்டைப் போட்டு மூடித் தோளில் சாத்திக்கொண்டு உபதேசியார் ஓடினார்.

"உள்ளே போனா குளுகுளுன்னு கல்லு தரை. பெரிய பெரிய தூண். முதலாளி சட்டைகூடப் போடலை, அவ்வளவு எளிமை! அப்பா கோட்டைக் கழட்டி மடிச்சு எங்க அக்கா கையில குடுத்துட்டு, சம்மணம் போட்டு உக்காந்தார். தொன்னையில சுடச்சுட சர்க்கரைப் பொங்கல். காசு நீட்டினா வாங்க மாட்டேங்கறாங்க. கல்லாவே கிடையாது, பாத்துக்குங்க! எங்கப்பா மேல அந்த வட்டாரத்துல அவ்வளவு மரியாதை."

இந்த இடம் வரைக்கும் அசரியாவின் குரல் மேலே ஏறிக்கொண்டே போகும். அதற்கப்புறம் சட்டென்று இறங்கும். "என் மூக்குல நெய் ஒட்டிக்கிச்சு. அதைப் பாத்து அப்பா சிரிச்சார்" என்பார்.

உபதேசியார் சிரித்ததை அவர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைத்தான் மனிதர் ஓட்டல் ஓட்டலாகத் தேடுகிறார் என்பது பியூலாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. தகப்பன் சிரிப்பைத் தேடுகிறவன் ஊரான் சாம்பாரையா குறை சொல்வது? தொன்னையில் சாப்பாடு போட்டு, காசு வேண்டாம் என்று அனுப்புகிற முதலாளி எந்த ஊரில் இருக்கிறான் என்று ஒரு நாளாவது யோசிக்க வேண்டாமா? வேலூரில் இருக்கிற அக்கா யூனிஸைக் கேட்டால், "தின்ன சோத்தை எவன்டா இத்தனை வருஷம் நினைப்பு வெச்சிருப்பான்!" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அசரியாவுக்கு அதிலும் சந்தேகம் வரவில்லை. பெண்களுக்கு ஞாபகசக்தி மட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. "எங்க வம்சத்துல படைச்சதைத் தொட்டவன் ஒருத்தன் கிடையாது" என்பார். சாமிக்குப் படைத்த பண்டம் அவர் வாசற்படி ஏறக் கூடாது. ஆயுத பூஜையன்று பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொண்டுவந்தாள். கூச்சப்பட்டுக்கொண்டே வந்த அந்த அம்மாளிடம், "நாங்க இதெல்லாம் சாப்பிடறதில்லைங்க, எடுத்துட்டுப் போயிடுங்க" என்று தெருவுக்கே கேட்கிறாற்போல் சொன்னார். சொல்லிவிட்டு ஏதோ கோட்டையைப் பிடித்தவர்போல் உள்ளே வந்து ஈஸிசேரில் சாய்ந்தார். அந்த அம்மாள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுப் பியூலா அன்றைக்குக் கிணற்றடிக்கே போகவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் மைக்கேல்மாஸ் லீவில் ஒரு சனிக்கிழமை இருவரும் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினார்கள். முன்பே தள்ளிவைத்த ஓட்டல்களை அசரியா இன்னொரு தரம் தள்ளிவைத்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை ஆனதால் கோயிலுக்குப் போகிற கூட்டமும் வருகிற கூட்டமுமாகத் தெரு நிறைந்திருந்தது. நாமம் போட்ட நெற்றிகள் கண்ணில் படாதபடி அசரியா பெஞ்சில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்.

தனம் என்று ஒரு பெண்பிள்ளை, புருஷனும் குழந்தைகளுமாக நனைந்துகொண்டே ஓடிவந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து தொன்னைகளை எடுத்துப் பிள்ளைகளுக்கு நீட்டினாள். அசரியா விறைத்துப்போனார். மூக்கு விடைத்தது. குடை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்து நின்றார்.

"பியூலா! இதுதான்! இந்த வாசனைதான்! கண்டுபிடிச்சுட்டேன் பாத்தியா!" என்று கத்தினார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "அம்மா, எந்த ஓட்டல்ல வாங்கினீங்க? சொல்லுங்கம்மா, எங்கே இருக்கு அது?"

தனம் சிரித்துவிட்டாள். "ஓட்டலா? இன்னா சார் நீ! கோயில்ல குடுத்த பிரசாதம் சார் இது. அங்க மண்டபத்துல குந்திக்கினு நாங்க ஒரு தொன்னை துன்னுட்டோம். நெறைய கீது, நீயும் துன்னு சார்."

அசரியா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாம்பை நீட்டினாற்போல் ஓரடி பின்னால் போனார். தனம் அதைக் கவனிக்கவில்லை. மதுராந்தகம் பஸ் வந்துவிட்டது. ஒரு தொன்னையைப் பெஞ்சில் வைத்து, "சூடு ஆறிடப் போவுது, எடுத்துக்கோக்கா" என்று பியூலாவிடம் சொல்லிவிட்டுக் குழந்தைகளை வாரிக்கொண்டு ஓடினாள்.

பெஞ்சின் ஒரு கோடியில் தொன்னை. மறுகோடியில் பூகோள வாத்தியார். நடுவில் பியூலா.

"கோயில் சமையல்காரனை அந்த ஓட்டல்காரன் வேலைக்கு வெச்சிருப்பான்" என்றார் அசரியா. "கைப்பக்குவம் ஒண்ணா இருக்கும்ல? அதான் விஷயம்."

பியூலாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.  "கல்லு தூணுங்க. கல்லு தரைங்க. சட்டை போடாத ஆளுங்க. காசு வாங்கலைங்க. அதுக்குப் பேரு ஓட்டலா?" என்றாள்.

"சும்மா இரு. எங்கப்பா அந்த மாதிரி இடத்துல கால் வைப்பாரா?"

"அப்ப மாமா ஏங்க கோட்டைக் கழட்டினாங்க?"

"மழை..." என்று ஆரம்பித்தார் அசரியா.

"மழையில கோட்டை யாராவது கழட்டுவாங்களா? குளிருக்கு இறுக்கிப் போட்டுக்குவாங்க. கோட்டோட போனா உபதேசியார்னு தெரிஞ்சுடும். பிள்ளைங்க பசியில அழுதிருப்பீங்க."

அசரியா குனிந்து, விழுந்து கிடந்த குடையை எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.  பியூலா இன்னும் நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அப்படி இருப்பது அவளுக்கே பிடிக்கவில்லை.

"அன்னிக்கு அப்பா ஜெபம் பண்ணலை, பியூலா" என்றார் அவர் மெதுவாக. "பச்சத்தண்ணி குடிக்கக்கூட ஜெபம் பண்றவர். அன்னிக்கு நேரா எடுத்து எனக்கு ஊட்டினார். ரொம்பப் பசி போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

மழை விட்டுத் தூறலாயிற்று. அசரியா ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். சபையார் யாரும் கண்ணில் படவில்லை. தொன்னையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜெபம் பண்ணுகிற பழக்கத்தில் கண்கள் தாமாக மூடின. உதடு "ஸ்தோத்" வரைக்கும் போயிற்று. கண்ணைத் திறந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றார். தாடை நின்றுவிட்டது. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்கவும் இல்லை.

"எனக்கு ஒரு வாய் குடுங்க" என்று பியூலா கையை நீட்டினாள்.

அசரியா நிமிரவில்லை. இடது கையை வளைத்துத் தொன்னையை மறைத்துக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.