சார்ஜ் ஏறாத நாலு கட்டைகள்

பேட்டரி தீரத் தீர அப்பாவின் குரல் வேறு யாருடைய குரலாகவோ மாறிவிடும். முதலில் கொஞ்சம் கனக்கும். பிறகு ஒவ்வொரு சொல்லும் இழுத்துக்கொண்டு வரும். கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலக் கேட்டு டேப் நின்றுவிடும். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா பட்டாளத்தில், வடக்கே ஏதோ ஒரு பனிமலையில் இருந்தார். அம்மாவும் நானும் ராஜபாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

அந்தச் சின்ன டேப் ரெக்கார்டரை அப்பாவோடு வேலை பார்த்த வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். உறவில்லை என்றாலும் அவரை மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள். கூடவே அப்பா பேசி அனுப்பிய ஒரு கேசட், என் விரல் தடிமனில் நாலு பேட்டரிக் கட்டைகள், அவற்றுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு டப்பா. தீர்ந்தாலும் தூக்கி எறிய வேண்டாத பேட்டரியை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. மாடியிலிருந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு இறங்கி வந்து, சுற்றி உட்கார்ந்து கேசட்டைக் கேட்டுவிட்டு, தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தபடி ஏறிப் போனார்கள்.

கேசட் முழுக்க எனக்குத்தான். நன்றாகப் படிக்கிறாயா, ஆடுகிற பல் விழுந்ததா, வகுப்பில் இப்போதாவது வாயைத் திறக்கிறாயா என்று ஒரே விசாரிப்பு. சாதாக் கட்டையைப் போட்டால் பொங்கி டேப் செட்டையே கெடுத்துவிடும், போடவே கூடாது என்று ஒரு கட்டளை. நடுவில் ஓர் இடத்தில், "அம்மாகிட்டச் சொல்லு, அவளும் நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றார். அம்மாவுக்கென்று அதில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்துக்குத் திரும்புகிறார். அதற்குள் நான் கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசித் தர வேண்டும். எனக்கு மனிதர்களிடம் பேச வராது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதற்குள் டீச்சர் அடுத்த பேருக்குப் போயிருப்பார். மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிடுவேன். ஆனால் அந்தச் செட்டிடம் பேசிவிடலாம் என்று தோன்றியது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

பேட்டரிதான் சார்ஜ் ஏறவில்லை.

இரவில் பிளக்கில் எதுவும் இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கட்டைகளை டப்பாவில் அடுக்கி, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அதே சிவப்பு விளக்கு, அதே வரிசை. செட்டில் போட்டு அமுக்கினால் ஐந்து நிமிஷத்தில் அப்பா கிணற்றுக்குள் போய்விடுவார்.

கட்டைகளின் முனையை ரப்பரால் அழித்துப் பார்த்தேன். மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தேன். கடித்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று பள்ளியில் யாரோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, நாலையும் கடித்தேன். எது கெட்டது என்று கண்டுபிடிக்க நகப்பூச்சால் ஒன்று முதல் நாலு வரை எண் போட்டு, இடம் மாற்றி மாற்றி வைத்தேன். நாலும் ஒன்று போலவே இருந்தன.

"ஏட்டி, அதப் போட்டு நோண்டாத. இருக்கதும் போயிரும்" என்பாள் அம்மா.

இன்னொரு கோளாறும் இருந்தது. நான் எப்போதும் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து அமுக்கினால் நடுவிலிருந்து பேசும். அதுவும் பெரும்பாலும் அந்தச் சாப்பாட்டு வரிக்குப் பக்கத்தில். செட்டும் சேர்ந்து கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன்.

எங்கள் தெருமுனைக் கடைக்காரர் கட்டை செத்துவிட்டது என்று ஒரே பார்வையில் சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். சனிக்கிழமை, மாமாவிடம் கொடுத்தனுப்பப் பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது என்னையும் செட்டையும் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். கோயிலுக்குப் போகும் தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடைக்காரர் வழுக்கைத் தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இங்கனயே சார்ஜ் போடுதேன். சாமி கும்பிட்டு, சாப்பிட்டுட்டுச் சாயங்காலமா வாங்க" என்றார்.

நாலு மணிக்கு நாங்கள் திரும்பியபோது கடையில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக் குரலில், கொஞ்சமும் இழுக்காமல். அரை மணி நேரமாக ஓடுகிறது என்றார் கடைக்காரர்.

"கட்டையும் நல்லாருக்கு, சார்ஜரும் நல்லாருக்கு. பகல்ல வீட்ல யாரும் எடுத்துப் போடுதாகளா?"

"வீட்ல யாரு இருக்கா? நானும் இவளுந்தான்" என்றாள் அம்மா.

நான் அதிசயமாக வாயைத் திறந்தேன். "டேப்பும் தானா ஓடுது. முதல்லருந்து வச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். வந்து பாத்தா, 'அம்மாகிட்டச் சொல்லு'ன்னு நடுவுலருந்து பேசுது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா பால்கோவாப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

"அது ஒண்ணுமில்ல பாப்பா. ஒங்க வீட்டுப் பிளக்குல லூஸ் கனெக்சன். ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் பிடிக்காது."

காசு வேண்டாம் என்றுவிட்டார். தொழில் தெரியாத ஆள், அதுதான் காசு கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், சார்ஜ் தீருமுன் அவசர அவசரமாகப் பதில் பேசினேன். ரஃப் நோட்டில் எழுதியது பாதி மறந்துவிட்டது. பேட்டரிக் கதைதான் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தும் ஏறாதது, டேப் தானாக நகர்ந்தது, எந்த வரியில் வந்து நின்றது, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் எல்லாம் நல்லாருக்கு என்று சொன்ன வாயாலேயே லூஸ் கனெக்சன் என்றது, எல்லாம் சொன்னேன். பிறகு செட்டை அம்மாவிடம் நீட்டினேன். சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சௌக்கியம். ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றாள். அப்புறம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நிறுத்தத் தெரியவில்லை போலும் என்று நினைத்து, "போதுமாம்மா? டேப் சும்மா ஓடுது" என்று நான்தான் நிறுத்தினேன்.

சில மாதங்கள் கழித்து, லீவில் வந்த இன்னொருவரிடம் அப்பா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே ஒரு கேசட்டும் எட்டுக் கட்டைகளும். நாலு கட்டைகளில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"சிவப்பு நூல் கட்டினது ஒனக்கு. மத்த நாலையும் அம்மாகிட்டக் குடுத்துரு. இனிமே லூஸ் கனெக்சன் இருக்காது" என்றார் அப்பா கேசட்டில்.

அவர் சொன்னது போலவே இருந்தது. என் கட்டைகள் அன்றிலிருந்து ஒழுங்காகச் சார்ஜ் ஏறின. அப்பா எவ்வளவு தொலைவிலிருந்து கோளாறைச் சரிசெய்துவிட்டார் என்று பெருமையாக இருந்தது. சாயங்காலங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, செட்டைக் காதோடு வைத்து, தனியாகக் கேட்பேன். அம்மா அடுப்படியில் இருப்பாள். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மற்ற நாலு எதற்கு என்று மட்டும் ஒருநாள் கேட்டேன்.

"டார்ச்சுக்கு" என்றாள் அம்மா.

சரி என்று போய்விட்டேன். எங்கள் வீட்டு டார்ச், என் கைக்குள் அடங்காத இரண்டு பெரிய கட்டைகள் போட்டால்தான் எரியும்.