மடங்கிய முழங்கை

பேஸ்பாலில் பந்தை எறிபவனை பிட்சர் என்பார்கள். பாரிஸ் புறநகர்க் கழகமொன்றுக்காக ஆறு பருவங்கள் சம்பளத்துக்கு எறிந்தவன் நான். பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் ஆட்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டு.

2009 தொடக்கத்தில் சேர்ந்தேன். முதல் நாளே பயிற்சியாளர் நான் எறிவதைப் பார்த்துவிட்டு, உனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை என்றார். புகழ்ந்துதான் சொன்னார். எனக்கு முகம் செத்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நான் வேகப்பந்து வீச்சாளன். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிவது குற்றம். ஓர் இறுதியாட்டத்தில் நான் எறிகிறேன் என்று நடுவர் அடுத்தடுத்து நோ-பால் கொடுத்தார். விக்கெட் காப்பாளர் என் அண்ணன். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று நடுவரின் சட்டையைப் பிடித்தார். அவருக்கு ஆயுள் தடை. அதன்பின் அவர் மைதானப் பக்கமே போகவில்லை.

நடுவர் சொன்னதுதான் உண்மை. களைத்துப்போனால் கையை மடக்குவேன். தெரிந்தே செய்த வேலை.

கழகத்தில் சேர்ந்த மாதமே வன்னியிலிருந்து அண்ணன் தொலைபேசி எடுத்தார். ஷெல் சத்தத்துக்கு நடுவிலும் என் புது விளையாட்டைப் பற்றித்தான் கேட்டார். இதில் கையை மடக்கித்தான் எறியவேண்டும் என்றேன். சிரித்தார்.

"அப்ப உனக்கு அது சரிவராதடா. நீ கை மடக்காதவன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்தமுறை பார்ப்போம் என்று விட்டேன். மே மாதத்தில் ஷெல் விழுந்து அண்ணன் போய்விட்டார்.

பிறகும் எறிந்தேன். நன்றாகவே எறிந்தேன். கைதட்டல் கேட்கும் போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருக்கும். கடைசியில் தோள்பட்டை கிழிந்தது, கழகம் அனுப்பிவிட்டது. லா சப்பலின் ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அண்ணி மகளோடு வவுனியாவில் இருந்தார். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தேன். நான் வாய் திறக்குமுன் அவர் அண்ணனின் கதையை எடுத்துவிட்டார்.

"பங்கருக்குள்ளை இவள் பயந்து அழுதா, உங்கடை கதைதான் சொல்லுவார் தம்பி. அம்பயர்தான் பொய் சொன்னவர், சித்தப்பா நேர்மையானவர் எண்டு. கடைசி நாளும் அதைத்தான் சொன்னவர்."

மகள் தொலைபேசியை வாங்கினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"சித்தப்பா, நீங்கள் கை மடக்கி எறியேல்லைத்தானே?"

அவளுக்குத் தகப்பன் விட்டுப்போனது அந்த ஒரு கதைதான்.

"இல்லை பிள்ளை" என்றேன்.