ரத்தாகாத அத்தியாயம்

எங்கள் நீதிமன்றங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உயிரோடிருக்கும் சட்ட அறிஞரின் நூலை ஆதாரமாகக் காட்டக் கூடாது. அவர் நாளைக்கே மனம் மாறலாம். இறந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

அப்பா அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியர். இளவயதில் அவர் எழுதிய நூல் எல்லா வக்கீல்களின் அலமாரியிலும் இருந்தது.

"எல்லாரும் படிக்கிறாங்க, வெளிய பேர் சொல்ல மாட்டேங்கிறாங்க. கள்ளக் காதல் மாதிரி" என்பாள் அம்மா.

நெருக்கடி நிலையில் அரசு ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைத்தால் நீதிமன்றம் காரணம் கேட்க முடியாது என்பது அதில் ஒரு அத்தியாயம். ஓய்வுபெற்ற பிறகு, அது தவறு என்ற முடிவுக்கு வந்தார். அந்த அத்தியாயம் முழுவதையும் மாற்றி எழுதினார். அச்சுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பையும் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படிக்காமல் கையெழுத்திட மாட்டார். கண்ணில் புரை வேறு.

நான் பாலங்கள் வடிவமைப்பவள். எங்களிடம் வரைபடத்தைத் திருத்தினால் பழைய பிரதியில் 'ரத்து' என்று முத்திரை விழும்.

"அந்த மாதிரி ஒரே ஒரு பக்கம் போடுங்கப்பா. எழுதினது தப்புன்னு."

"காரணம் சொல்லாம தப்புன்னா யாரும்மா ஏத்துக்குவாங்க? அதுவும், காரணம் கேக்காதேன்னு எழுதினவனே நான்தான்."

"அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது..."

"ஆச்சுன்னா நான் ஆதாரம் ஆயிடுவேன். அதான் பயம்." சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டியது. படுக்கையிலும் தீர்ப்புகளைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார். நர்ஸ் விடவில்லை. பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். அடுத்த நாள் இறந்தார்.

புது அத்தியாயத்தோடு போனபோது பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். "என் கையெழுத்து இல்லாம ஒரு கமாவைக்கூட மாத்தக் கூடாதுன்னு சார்தாம்மா எங்ககிட்ட எழுதி வாங்கினாரு."

நெருக்கடி நிலையைக் காட்டி, வேலைநிறுத்தத்தில் பிடித்து விசாரணையின்றி அடைத்த ஒரு ஆசிரியையின் வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. அவருடைய வக்கீலிடம் புது அத்தியாயத்தைக் காட்டினேன். விசாரணைக்கும் போனேன்.

அரசு வக்கீல் அப்பாவின் மாணவர். "காலஞ்சென்ற பேராசிரியர்" என்று தொடங்கி, பழைய அத்தியாயத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

ஆசிரியையின் வக்கீல் எழுந்தார். "அவர் பிற்காலத்துல கருத்தை மாத்திக்கிட்டார்."

"அச்சுல வந்திருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லை."

"அப்போ நீங்க மேல வாசிங்க" என்றார் நீதிபதி, அரசு வக்கீலிடம்.

என் பக்கத்தில் ஆசிரியையின் கணவர் உட்கார்ந்திருந்தார். "யாருங்க அந்தப் பேராசிரியர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கப்பா" என்றேன்.

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.